நாதம்

செஞ்சிக்கு வடக்கே திருநாதர்குன்றில் ஒரே பாறையில் 24 தீர்த்தங்கரர்களைச் செதுக்கியிருக்கிறார்கள். சந்திரநந்தி என்ற சமண ஆசிரியர் 57 நாள் உண்ணாதிருந்து உயிர்நீத்ததைச் சொல்லும் பழங்கல்வெட்டும் அங்கே உண்டு. பெயரை நம்பி இசையைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். இந்த ‘நாதர்’ தலைவர், புகலிடமானவர். இசையின் ‘நாதம்’ ஒலித்தலைக் குறிக்கும் வேறொரு வடமொழி வேரில் பிறந்தது. வடமொழியில் இரண்டுக்கும் எழுத்தே வேறு. தமிழில் ஒரே ‘த’ இரண்டையும் சுமக்கிறது.

ஆனாலும் இரண்டும் ஒட்டிக்கொள்ளத்தான் செய்கின்றன. சைவ சித்தாந்தத்தில் சுத்த மாயையிலிருந்து முதலில் தோன்றுவது நாதம். சிவ தத்துவம் என்பதும் அதுவே. தியாகராஜரோ சிவனின் உடலே நாதம் என்று சித்தரஞ்சனி ராகத்தில் பாடிவிட்டார். தம்புராவில் சுருதி சேரும்போது சிலர் கண்மூடுவது அதனால்தானோ என்னவோ.