குதிரை நடை வந்த வழி

லிஸ் ஹார்டெலுக்கு 1944இல் போலியோ வந்தபோது வயது 23, வயிற்றில் குழந்தை. டென்மார்க்கில் அப்போதே பெயர் வாங்கியிருந்த குதிரையேற்ற வீராங்கனை. உயிர் தப்பியது, முழங்காலுக்குக் கீழே இயக்கம் திரும்பவில்லை. பிறரைத் தூக்கி ஏற்றச் சொல்லி மறுபடி குதிரைமேல் உட்கார்ந்தார். காலால் தர வேண்டிய சைகையை முதுகாலும் உடல் எடையாலும் தரப் பழகிக்கொண்டார். அதுவரை ராணுவ அதிகாரிகளுக்கு மட்டுமே என்றிருந்த ஒலிம்பிக் டிரஸாஜ் (குதிரையின் நடையையும் அசைவையும் நுணுக்கமாக நடத்திக்காட்டும்) போட்டி 1952இல் பெண்களுக்கும் திறந்தது. ஹெல்சின்கியில் ஜூபிலி என்ற பெண்குதிரையில் ஏறி, ஆண்களோடு போட்டியிட்டு வெள்ளி வாங்கினார். 1956இல் இன்னொரு வெள்ளி.

அந்தப் பதக்கம் பலருடைய கண்ணைத் திறந்தது. நார்வேயிலும் பிரிட்டனிலும் போலியோ பாதித்த குழந்தைகளை மட்டக்குதிரைகளில் ஏற்றிப் பார்த்தார்கள். 1969இல் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இதற்கென்றே தேசியச் சங்கங்கள் எழுந்தன. ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து பிசியோதெரபிஸ்டுகள் இன்னும் ஒரு படி போய், சவாரி கற்றுத்தருவதை விட்டுவிட்டு, குதிரையின் நடையையே சிகிச்சையாக எடுத்துக்கொண்டார்கள்.

விஷயம் முழுக்க அந்த நடையில்தான் இருக்கிறது. பாய்ச்சல் வேண்டாம், ஓட்டமும் வேண்டாம். குதிரை மெதுவாக நடக்கும்போது மேலே இருப்பவரின் இடுப்பு முன்னும் பின்னும், பக்கவாட்டிலும் அசைந்து, லேசாகத் திரும்பவும் செய்கிறது. நாம் நடக்கும்போது நம் இடுப்பு அசைவதும் கிட்டத்தட்ட இப்படித்தான். நிமிடத்துக்கு ஏறக்குறைய 100 அடி என்றால் 20 நிமிடத்தில் 2,000 அடி. தன் காலால் ஓரடிகூட வைத்திராத பெருமூளை வாதம் (சி.பி.) உள்ள குழந்தையின் உடம்பு, நடையின் அசைவை அத்தனை முறை வாங்கிக்கொள்கிறது. ஒவ்வொரு அசைவுக்கும் முதுகு தானாக நிமிர்ந்து சமாளிக்கிறது. தலை நிற்காத பிள்ளையை வைத்திருக்கும் தாய்க்கு இதன் அருமை தெரியும்.

குதிரையைப் பிடிக்க ஒருவர், இரண்டு பக்கமும் குழந்தையின் தொடையில் கை வைத்தபடி நடக்க இருவர் வேண்டும். சக்கர நாற்காலி உரசினாலும், குழந்தை திடீரென்று வீறிட்டாலும் மிரளாத குதிரை வேண்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குக் கழுத்தெலும்பைப் பரிசோதிக்காமல் ஏற்றக் கூடாது. அடங்காத வலிப்பு இருந்தாலும், இடுப்பு மூட்டு நழுவியிருந்தாலும் டாக்டரைக் கேட்காமல் ஏற்றக் கூடாது. குணமாக்கிவிடும் என்று யார் சொன்னாலும் நம்ப வேண்டாம். உட்காரும் நிலையும் சமநிலையும் தேறுகின்றன, அதுவே பெரிய விஷயம்.

சென்னையில் அந்தக் காலத்தில் இத்தகைய குழந்தைகளை நிற்கவும் நடக்கவும் பழக்கும் வேலை, காலில் மாட்டும் காலிபரையும் பிடித்து நடக்கும் பேரலல் பாரையும் நம்பி நடந்தது. ராஜா அண்ணாமலைபுரத்தில், இன்று துர்காபாய் தேஷ்முக் பெயரைத் தாங்கிய சாலையில், அவர் நிறுவிய ஆந்திர மகிளா சபா போலியோ குழந்தைகளுக்கு எலும்புச் சிகிச்சை அளித்தது. அடையாற்றுக்கு அந்தப் பக்கம் கோட்டூர்புரத்தில் இருக்கும், சி.பி. குழந்தைகளுக்கான வித்யாசாகர் 1985இல் தொடங்கியது. குதிரைகளுக்கு ஊரில் வேறு வேலை இருந்தது. கிண்டியில் பந்தயம், புதுப்பேட்டை லாயத்தில் போலீஸ் பணி, மெரினாவில் காசு கொடுத்தால் ஒரு சுற்று.

இந்த நடைச் சிகிச்சை இந்தியாவுக்கும் வந்து சேர்ந்தது. பெங்களூரில் புஷ்பா போப்பையா குதிரைகளைக் கொண்டு சிறப்புக் குழந்தைகளுக்குச் சிகிச்சை தருகிறார். ஆனால் தீவனம், லாடம், லாயக்காரர் சம்பளம் எல்லாம் சேர்ந்து செலவு கட்டணத்தின் தலையில் விழும்போது, காசுள்ள வீட்டுப் பிள்ளைக்குத்தான் குதிரை கிடைக்கிறது. எனக்கு ஆற்றாமை அதில்தான்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் விளையாட்டிலும் பொழுதுபோக்கிலும் அவர்களுக்குச் சம இடம் கேட்கிறது. சென்னைக்கு இந்தச் சிகிச்சை எட்டாக்கனி அல்ல. புதுப்பேட்டையில் கூட்டத்துக்கும் இரைச்சலுக்கும் பழகிய போலீஸ் குதிரைகள் நிற்கின்றன. குதிரை வைத்தியம் அறிந்தவர்கள் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரியில் இருக்கிறார்கள். பிசியோதெரபிஸ்டுகளுக்கும் இந்த ஊரில் பஞ்சமில்லை. வாரத்தில் ஒரு காலை, நிழலுள்ள ஒரு மைதானம், சக்கர நாற்காலியைக் குதிரையின் முதுகு உயரத்துக்கு ஏற்றித் தரும் ஒரு சாய்தள மேடை: அரசு தொடங்கினால் கட்டணமே இல்லாமல் நடத்தலாம். ராஜா அண்ணாமலைபுரத்திலிருந்து புதுப்பேட்டை, ஆட்டோவில் அரைமணி நேரம்.