6 மணியும் 170 மணியும்

ஒரே வேலையை ஒருவர் 6 மணி நேரத்தில் முடிக்க, மற்றொருவருக்கு 170 மணி நேரம் பிடித்தது என்றால் நம்புவீர்களா? இவ்வெண்களை முதன்முதலில் கண்டபோது அச்சுப்பிழையோ என்றே ஐயுற்றேன்.

கலிபோர்னியாவின் சான்டா மோனிகா நகரில் இருந்த சிஸ்டம் டெவலப்மென்ட் கார்ப்பரேஷனில் நிகழ்ந்த ஆராய்ச்சியைச் சாக்மன், எரிக்சன், கிராண்ட் என்னும் மூவர் 1968இல் வெளியிட்டனர். மனிதரின் திறமையை அளக்க அவர்கள் புறப்படவில்லை. கணிப்பொறியின் முன் அமர்ந்து நிரலின் பிழைகளைக் களைவது நலமா, நிரலைக் கொடுத்துவிட்டு விடைக்குக் காத்திருப்பது நலமா என்பதே அவர்கள் எழுப்பிய வினா. அனுபவமுள்ள 12 பேரைச் சோதித்தனர். முன்னமர்ந்து செய்வதே விரைவு என்று கண்டனர். அவ்விடையை உலகம் மறந்தது. இயற்கணித நிரல் ஒன்றில் பிழை களைந்தவர்களிடையே காணப்பட்ட 28 மடங்கு வேறுபாட்டையே பற்றிக்கொண்டது. 1975இல் பிரெட் புரூக்ஸ் தம் புகழ்பெற்ற நூலில் இவ்வாராய்ச்சியை எடுத்தாண்டார். மேதை ஒருவர் பலருக்கு ஈடு என்ற பேச்சு வலுத்தது.

1981இல் தாமஸ் டிக்கி இக்கணக்கைப் பிரித்துப் பார்த்தார். சிலர் உயர்நிலை மொழியிலும், சிலர் இயந்திரத்துக்கு நெருங்கிய மொழியிலும் எழுதியிருந்தனர். முன்னமர்ந்தவரும் காத்திருந்தவரும் ஒரே தராசில் நிறுக்கப்பட்டிருந்தனர். இவற்றைக் கழித்தால் எஞ்சுவது ஏறக்குறைய 5 மடங்கே என்றார் அவர்.

ஐந்து மடங்கும் சிறிதன்று; ஒத்துக்கொள்கிறேன். ஆயினும், மூளையின் கூர்மை என்று வியந்ததில் பெரும்பங்கு மொழிக்கும் கருவிக்கும் உரியதாயிற்று. பணிபுரிந்த ஆண்டுகளுக்கும் வேகத்துக்கும் தொடர்பே தென்படவில்லை என்பது அவ்வாராய்ச்சியிலேயே உள்ள செய்தி. பெயர் தெரியாத அந்த 170 மணிக்காரரை எண்ணும்போதெல்லாம், அவர் கையில் எக்கருவி இருந்தது என்று கேட்கவே எனக்குத் தோன்றுகிறது.