கணினி வழிகாட்டும் பல் உள்வைப்பு: வரலாறும் நோயாளர் பட்டறிவும்

இழந்த பல்லுக்கு ஈடாகத் தாடை எலும்பில் டைட்டானியத் திருகைப் பதித்து, அதன்மேல் செயற்கைப் பல்லைப் பொருத்துவது பல் உள்வைப்பு (இம்பிளாண்ட்) எனப்படும். திருகின் இடம், ஆழம், சாய்வு ஆகியவற்றைக் கணினியில் முன்கூட்டியே முடிவு செய்து, அதற்கேற்பச் செய்த வழிகாட்டி அச்சின் துணையோடு பதிப்பது கணினி வழிகாட்டும் அறுவை ஆகும்.

தோற்றம்

1950களில் சுவீடன் நாட்டு ஆய்வாளர் பெர்-இங்வார் பிரோனெமார்க் (1929–2014) முயலின் கால் எலும்பில் குருதியோட்டத்தைக் காண டைட்டானியக் கூடு ஒன்றைப் பதித்தார். ஆய்வு முடிந்தபின் அதைக் கழற்ற முடியவில்லை. எலும்பு அதனோடு ஒன்றிவிட்டிருந்தது. 1965இல் அவர் முதன்முதலாக மனிதத் தாடையில் இத்திருகுகளைப் பதித்தார். 1982இல் டொராண்டோவில் நடந்த மாநாட்டுக்குப் பின்னரே பல் மருத்துவ உலகம் இம்முறையைப் பரவலாக ஏற்றது.

அக்கால நோயாளர் இருமுறை அறுவைக்கு உட்பட வேண்டியிருந்தது. ஈறைக் கீறித் திருகைப் பதித்து மூடித் தைப்பர். கீழ்த்தாடைக்குச் சுமார் 3 மாதமும் மேல்தாடைக்கு 6 மாதமும் கழித்து மீண்டும் திறப்பர்.

கணினியின் வருகை

எலும்பு திருகை ஏற்குமா என்ற கேள்வி தீர்ந்ததும், அது சரியான இடத்தில் அமைகிறதா என்ற கேள்வி எழுந்தது. வழக்கமான எக்ஸ்-கதிர்ப் படம் எலும்பின் உயரத்தைக் காட்டும், தடிமனைக் காட்டாது. கீழ்த்தாடைக்குள் உதட்டுக்கும் முகவாய்க்கும் உணர்வு தரும் நரம்பு செல்கிறது. துளை அதைத் தொட்டால் உதடு மரத்துப்போகும். சிலருக்கு உணர்வு முழுமையாகத் திரும்புவதில்லை.

1971இல் காட்ஃப்ரி ஹவுன்ஸ்ஃபீல்டின் சி.டி. கருவி முதல் நோயாளியைப் படமெடுத்தது. 1990களில் பல் உள்வைப்பைத் திட்டமிடும் மென்பொருள்கள் வந்தன. அப்பத்தாண்டின் இறுதியில் இத்தாலியில் உருவான கூம்புக்கற்றை சி.டி., வழக்கமான சி.டி.யைவிடக் குறைந்த கதிர்வீச்சில் தாடையை முப்பரிமாணத்தில் காட்டியது. பின்னர் முப்பரிமாண அச்சு இயந்திரம் வழிகாட்டி செய்வதை எளிதாக்கியது.

நோயாளர் பட்டறிவும் செலவும்

ஈறை விரித்துத் திறக்காமல் சிறு துளை வழியே பதிக்க இயலும்போது வலியும் வீக்கமும் குறைகின்றன. ஆனால் வழிகாட்டிக்கு மேல் நீண்ட துளைக்கருவி நுழைய வேண்டும் என்பதால் வாயை அகலத் திறக்க வேண்டும். கடைவாய்ப் பகுதியில் இது கடினம். படம், திட்டமிடல், அச்சு ஆகியவற்றால் செலவு கூடுகிறது. பல பற்களை இழந்தவருக்கும் நரம்புக்கு அருகே எலும்பு குறைந்தவருக்கும் இச்செலவு பயன் தரும். எலும்பு நன்கிருக்கும் இடத்தில் ஒரே பல் பதிப்போருக்கு இது எப்போதும் தேவைப்படுவதில்லை.

சிக்கல்கள்

வழிகாட்டி இருந்தாலும் திருகு திட்டமிட்ட இடத்திலிருந்து சராசரியாக 1 மில்லிமீட்டர் அளவுக்கு விலகலாம். சாய்வும் 3 முதல் 4 பாகை வரை மாறலாம். எனவே நரம்புக்கு மேல் 2 மில்லிமீட்டர் இடைவெளி விடுவது வழக்கம். பல்லே இல்லாத வாயில் அச்சு மென்மையான ஈறின்மேல் அசையக்கூடும். அச்சு குளிர்நீரைத் தடுத்தால் எலும்பு சூடேறும். 47 பாகை செல்சியசு வெப்பம் ஒரு நிமிடம் நீடித்தாலே எலும்புத்திசு பாதிப்படையும். அச்சு உடைந்தாலோ பொருந்தாவிட்டாலோ மருத்துவர் தம் கைத்திறனையே நம்ப வேண்டும்.

திருகு எலும்பில் நிலைப்பதில் வழிகாட்டி முறைக்கும் கைமுறைக்கும் பெரிய வேறுபாடு காணப்படவில்லை. கணினி துளையிடும் இடத்தைக் காட்டுகிறது. அதன்பின் பல் நிலைப்பது நாள்தோறும் துலக்குவதையும், புகைப்பிடித்தலை விடுவதையும், சர்க்கரை நோயைக் கட்டுக்குள் வைப்பதையும் பெரிதும் பொறுத்துள்ளது.