ஐக்கியமும் பிரிவினையும்: வட திருநெல்வேலி எழுப்புதலில் (1860) கிறிஸ்துவுடனான இணைவு பற்றிய நம்பிக்கை

ஆய்வுச்சுருக்கம்

பாவம் மனிதனைக் கடவுளிடமிருந்து பிரிக்கிறது என்பதும், கிறிஸ்துவுடன் இணைவதால் அப்பிரிவு நீங்குகிறது என்பதும் கிறித்தவத்தின் அடிப்படை நம்பிக்கைகள். இன்றைய விருதுநகர் மாவட்டத்தில், வத்திராயிருப்பை அடுத்த கிறிஸ்தியான்பேட்டையில் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் (1810–1867) தலைமையில் 1860இல் ஓர் எழுப்புதல் நிகழ்ந்தது. மேற்கண்ட நம்பிக்கை அந்நிகழ்வின்வழிச் சபை அதிகாரம் பற்றிய கேள்வியாக மாறியதை இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: ஐக்கியம், பிரிவினை, அருளப்பன், குரோவ்ஸ், ராக்லண்ட், எழுப்புதல், திருவிருந்து

முன்னுரை

பட்டாசு, தீப்பெட்டித் தொழில்களால் இன்று அறியப்படும் சிவகாசி வட்டாரம், அத்தொழில்கள் வருவதற்கு முன்னர் மானாவாரி வேளாண்மையையும் வணிகத்தையும் சார்ந்திருந்தது. 1910இல் இராமநாதபுரம் மாவட்டம் உருவாகும்வரை சாத்தூர், திருவில்லிபுத்தூர் வட்டங்கள் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவை. ஆகவே மிஷன் ஆவணங்களில் இப்பகுதி ‘வட திருநெல்வேலி’ என்றே வழங்கப்படுகிறது. இப்பகுதியின் கிறித்தவ வரலாறு பெரும்பாலும் மதமாற்றம், கல்வி, சாதி உயர்வு ஆகியவற்றின் வரலாறாக எழுதப்பட்டுள்ளது. 1899ஆம் ஆண்டுச் சிவகாசிக் கலவரம் பற்றிய ஆய்வுகள் இப்போக்கை மேலும் வலுப்படுத்தின. இறையியல் நம்பிக்கை இவ்வரலாற்றில் காரணியாகச் செயல்பட்டதா என்னும் வினா போதிய கவனம் பெறவில்லை. அருளப்பனின் இயக்கம் இவ்வினாவிற்கு விடை தேட உதவுகிறது.

சொற்களும் அவற்றின் பின்புலமும்

தமிழ் விவிலியம் பாவத்தால் விளையும் நிலையைப் ‘பிரிவினை’ என்னும் சொல்லாலும், விசுவாசிகள் கடவுளோடும் தம்முள்ளும் கொள்ளும் உறவை ‘ஐக்கியம்’ என்னும் சொல்லாலும் குறிக்கிறது. யோவான் நற்செய்தியில் திராட்சைச் செடியும் கொடியும் பற்றிய உவமையில் ‘நிலைத்திருத்தல்’ என்னும் சொல் இதே பொருளை உணர்த்துகிறது. ‘ஐக்கியம்’ கிறித்தவர் உருவாக்கிய சொல் அன்று. சைவ மரபில் ஐக்கியவாதம் என ஒரு கொள்கைப் பிரிவு உண்டு. வீரசைவத்தின் ஆறு நிலைகளில் இறுதியானதும் ஐக்கியமே. அம்மரபுகளில் இச்சொல் உயிர் இறைவனோடு ஒன்றிவிடும் நிலையைச் சுட்டுகிறது. கிறித்தவர் இச்சொல்லை ஏற்றபோது இணைபவரின் தனித்தன்மை அழியாத உறவையே கருதினர். கொடி செடியில் நிலைத்திருந்தாலும் கொடியாகவே இருக்கிறது.

சீர்திருத்தக் கிறித்தவத்தில் இவ்விணைவு மையமான இடம் பெற்றது. கிறிஸ்து மனிதனுக்குப் புறத்தே நிற்கும்வரை அவர் செய்தவற்றால் மனிதனுக்குப் பயனில்லை என்றும், தூய ஆவியே இருவரையும் இணைக்கிறார் என்றும் கால்வின் விளக்கினார். ஆவியால் இணைக்கப்பட்டவர் யார் என்பதை அறியும் வழி எது என்னும் சிக்கல் இங்கிருந்தே எழுகிறது. திருமுழுக்கும் குருப்பட்டமும் உடைய சபையமைப்பே அதற்குச் சான்றா, விசுவாசியின் அனுபவமும் வாழ்வுமே போதுமான சான்றா என்பதே அச்சிக்கல்.

இரு பணிமுறைகள்

அருளப்பன் பாளையங்கோட்டையில் ரேனியஸிடம் பயின்றவர். சபை ஒழுங்குகள் குறித்த கருத்து வேறுபாட்டால் 1835இல் சர்ச் மிஷனெரி சங்கம் ரேனியஸை நீக்கியது. அக்காலத்தில் அந்தோணி நாரிஸ் குரோவ்ஸுடன் அருளப்பனுக்குத் தொடர்பு ஏற்பட்டது. இங்கிலாந்தின் எக்ஸிடரில் பல் மருத்துவராக இருந்து பாக்தாதில் சமயப்பணி செய்தபின் இந்தியா வந்த குரோவ்ஸ், திருவிருந்து நடத்தக் குருப்பட்டம் தேவையில்லை என்னும் கொள்கையினர். 1840இல் அருளப்பன் கிறிஸ்தியான்பேட்டையை நிறுவினார். நிலையான ஊதியத்தை அவர் மறுத்தார். கூலிக்காகப் போதிக்கிறார் என்னும் பழிச்சொல்லுக்கு இடமளிக்கலாகாது என்பது அவர் கூறிய காரணம். அருளப்பன் முதலியோர் குருப்பட்டம் பெற்றவர் எவருமின்றித் தமிழ்க் கிறித்தவருடன் திருவிருந்தில் பங்குகொண்டது பெரும் பரபரப்பை உண்டாக்கியதாகக் குரோவ்ஸ் பதிவு செய்துள்ளார்.

கேம்பிரிட்ஜ் கல்வியாளரான தாமஸ் கஜேட்டன் ராக்லண்ட் 1854இல் சர்ச் மிஷனெரி சங்கத்தின் சார்பில் இதே பகுதியில் பயண ஊழியத்தைத் தொடங்கினார். டேவிட் ஃபென், மெடோஸ் ஆகியோர் அவருடன் பணியாற்றினர். கூடாரங்களில் தங்கி ஊர்தோறும் சென்ற இவர்களின் எளிமை அருளப்பனின் வாழ்முறைக்கு நெருக்கமானது. 1858 அக்டோபர் 22ஆம் நாள் ராக்லண்ட் சிவகாசியில் மறைந்தார். பாவம், மீட்பு, கிறிஸ்துவுடனான இணைவு ஆகியவற்றில் இரு பணிமுறைகளுக்கும் அடிப்படை வேறுபாடு இல்லை. அவ்விணைவின் அடையாளமான திருவிருந்தை நடத்தும் உரிமை எவருக்கு உரியது என்பதில்தான் வேறுபாடு இருந்தது. ராக்லண்டின் ஆங்கிலிக்க மரபில் அது குருவுக்கே உரியது.

1860ஆம் ஆண்டு எழுப்புதல்

அமெரிக்கா, அயர்லாந்து ஆகிய நாடுகளில் அதற்குச் சற்று முன்னர் நிகழ்ந்த எழுப்புதல் பற்றிய செய்திகள் தமிழகத்தையும் எட்டியிருந்தன. 1860இன் முற்பகுதியில் கிறிஸ்தியான்பேட்டையில் எழுப்புதல் தொடங்கியது. மக்கள் நடுங்கி விழுதல், பாவங்களை வெளிப்படையாக அறிக்கையிடுதல், தரிசனம் காணுதல், தீர்க்கதரிசனம் உரைத்தல், அறியாத மொழிகளில் பேசுதல் ஆகியவற்றை அருளப்பனின் குறிப்புகள் தெரிவிக்கின்றன. பெண்களும் இவ்வரங்களைப் பெற்றவர்களாகக் குறிக்கப்படுகின்றனர். அமெரிக்காவின் அசூசா தெரு நிகழ்வுக்கு (1906) நாற்பத்தாறு ஆண்டுகள் முற்பட்டது என்பதால், பெந்தெகொஸ்தே வரலாற்றாசிரியர்கள் இதனை முன்னோடி நிகழ்வாகக் கருதுகின்றனர்.

இந்நிகழ்வில் பிரிவும் இணைவும் கோட்பாடாக மட்டும் நிற்கவில்லை. அழுகையும் நடுக்கமும் கடவுளிடமிருந்து பிரிந்திருத்தலின் உணர்வாகவும், அறிக்கையின்பின் எழுந்த மகிழ்ச்சி ஐக்கியத்தின் சான்றாகவும் கொள்ளப்பட்டன. சான்று அனுபவத்தில் அமையும்போது, அதை உறுதிப்படுத்த வெளியதிகாரம் தேவைப்படுவதில்லை. குருப்பட்டமோ ஊதியமோ இல்லாத தமிழர் ஒருவர் எழுப்புதலுக்குத் தலைமை தாங்க முடிந்ததும், பெண்கள் சபையில் பேச முடிந்ததும் இந்த இறையியல் நகர்வின் விளைவுகள்.

சான்றுகளின் எல்லையும் இங்குக் கருதத்தக்கது. ஜி. எச். லாங் 1939இல் தொகுத்து வெளியிட்ட ஆங்கில நூலின் வழியாகவே அருளப்பனின் நாட்குறிப்புகள் பரவலாக அறியப்படுகின்றன. லாங் சகோதர சபைக் கொள்கையைச் சார்ந்தவர். மிஷன் சங்க அமைப்பின்றிச் சபை வளரும் என்பதற்கு அருளப்பனை எடுத்துக்காட்டாகக் காண்பவர். ஆகவே அருளப்பனின் சுதந்திரம் பற்றிய சித்திரத்தில் தொகுப்பாசிரியரின் தேர்வும் கலந்துள்ளது.

ஐக்கியத்திலிருந்து பிரிவினைக்கு

இவ்வியக்கத்தின் தாக்கம் அருளப்பனின் மறைவுக்குப்பின் 1870களில் திருவிதாங்கூரை அடைந்தது. அங்கு சர்ச் மிஷனெரி சங்கத்தின் குருவாக இருந்த யுஸ்துஸ் யோசேப்பு தனிச் சபை கண்டார். கிறிஸ்துவின் வருகை 1881இல் நிகழும் என்னும் அச்சபையின் எதிர்பார்ப்பு பொய்த்தது. ஐக்கியத்தை அனுபவமாக உணர்ந்தவர்களிடையே சபைப் பிளவு தோன்றியது தற்செயலானதன்று. அனுபவமே சான்று என்னும் நிலை, எளியவருக்கும் பெண்களுக்கும் பேசும் உரிமை தந்தது. ஒருவரின் அனுபவத்தை மற்றவர் சோதித்தறியும் வழியை அது போதிய அளவில் தரவில்லை. மறுபுறம், குருப்பட்டத்தின்வழி ஒழுங்கைக் காத்த மிஷன் அமைப்பு, தமிழரின் தலைமையை நெடுங்காலம் ஐரோப்பியரின் ஒப்புதலுக்கு உட்படுத்தியது.

முடிவுரை

கிறிஸ்துவுடனான இணைவு என்னும் ஒரே நம்பிக்கையை ஏற்ற இரு குழுவினர், அவ்விணைவுக்கான சான்றை வெவ்வேறு இடங்களில் கண்டதால் வேறுபட்ட சபைகளை அமைத்தனர். வட திருநெல்வேலியில் சபை அதிகாரம் குறித்த முரண்பாட்டைக் குடியேற்ற ஆட்சிக்கு எதிரான உணர்வாகவோ தனிமனிதர் போட்டியாகவோ மட்டும் விளக்குவது முழுமையாகாது. அதற்கு இறையியல் வேர் உண்டு. சாதி உயர்வு என்னும் நோக்கில் மட்டும் வாசிக்கப்பட்டு வரும் இவ்வட்டாரத்தின் கிறித்தவ வரலாற்றை, மக்கள் எதை நம்பினர் என்னும் நோக்கிலும் மறுவாசிப்பு செய்ய இடமுள்ளது. ஊர்ச் சபைகளின் பதிவேடுகள், உபதேசியாரின் தமிழ்க் குறிப்புகள் ஆகியவற்றைத் தேடித் தொகுப்பது அத்தகைய ஆய்வின் முதற்பணி.