கல்குடாக் கரையில் வில்லும் துவக்கும்

மட்டக்களப்பு வாவியின் வாயிலிருந்து கல்குடா, வாகரை வழியாகக் கொட்டியாரக் குடா வரை நீளும் கரையிலும் அதன் பின்னுள்ள காடுகளிலும் வில்லும் துவக்கும் முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் அருகருகே புழங்கின. துவக்கின் வலிமைக்கு வில் நிகரில்லை. ஆனாலும் அது நெடுங்காலம் வில்லை ஒழிக்கவில்லை. வெடிமருந்து, மழை, துறைமுகம் ஆகிய மூன்றும் துவக்கின் கையைக் கட்டிவைத்திருந்தன.

1505இல் போர்த்துக்கேயர் கொழும்புக்கு வந்தபின், சிங்களக் கொல்லர் துவக்குச் செய்யும் தொழிலை விரைவில் கைக்கொண்டனர். அவர்கள் செய்த துவக்குகளைப் போர்த்துக்கேய எழுத்தாளர்களே வியந்து எழுதினர். பிற்காலக் கண்டித் துவக்குகளில் விசைப்பூட்டு இடப்பக்கம் இருக்கும், தோளில் பொருந்தும் அடிக்கட்டை இரண்டாகப் பிளந்திருக்கும். கிழக்குக் கரை 1602இல் அரசியலுக்குள் வந்தது. ஒல்லாந்தத் தளபதி ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் நங்கூரமிட்டு, போர்த்துக்கேயருக்கு எதிராகத் துணை தேடிய கண்டி அரசனைக் காணச் சென்றார். மறு ஆண்டே செபால்ட் டி வேர்ட் என்ற ஒல்லாந்தர் இங்கு அரசனின் ஆட்களால் கொல்லப்பட்டார். 1628இல் போர்த்துக்கேயர் மட்டக்களப்பின் புளியந்தீவில் கோட்டை எழுப்பினர். 1638 மே 18இல் ஒல்லாந்தத் தளபதி வெஸ்டர்வோல்டின் படையும் கண்டி அரசன் இரண்டாம் இராசசிங்கனின் படையும் சேர்ந்து அதைப் பிடித்தன. கல் மதிலை உடைக்க வில்லால் ஆகாது. அந்த வேலை பீரங்கிக்கே உரியது. காட்டில் கணக்கு வேறு.

அக்காலத் திரித்துவக்கைச் சுட, குழாயில் மருந்து கொட்டி, குண்டு போட்டு, கம்பியால் இடித்து, பக்கக் கிண்ணியில் பொடிமருந்து தூவி, கனலும் திரியை ஊதிச் சிவக்கவைக்க வேண்டும். பழகிய கையும் நிமிடத்துக்கு ஓரிரு வெடிக்கு மேல் வைக்காது. வில்லாளி அதற்குள் அரை டசின் அம்பு விட்டுவிடுவான். இரவில் திரியின் கனல் ஆளைக் காட்டிக்கொடுக்கும், பகலில் அதன் வாடை மானை விரட்டும். ஐப்பசி முதல் தை வரை வடகீழ்ப் பருவமழை கொட்டும் இந்தக் கரையில் கிண்ணி மருந்து நனைந்தால் கையில் இருப்பது வெறும் இரும்புக்குழாய். வில்நாணும் ஈரத்தில் தளரும்தான். ஆனால் அதை மாற்ற வேறொரு நாண் போதும்.

இந்தச் சமநிலையை இன்று மேசையில் பகடை உருட்டி ஆடும் கற்பனைப் பாத்திர விளையாட்டுகள் திரும்பத் திரும்பத் தேடுகின்றன. 1974இல் வெளிவந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வாளும் மந்திரமும் நிறைந்த உலகம். அதற்குள் துவக்கை விட்டால் மற்ற ஆயுதமெல்லாம் செல்லாக்காசாகிவிடுமோ என்பது ஆட்டம் நடத்துவோரின் பழைய கவலை. அதன் 2014ஆம் ஆண்டு விதிநூல்களில் மஸ்கட் துவக்கின் சேதத்துக்கு 12 முகப் பகடை, நீளவில்லுக்கு 8 முகப் பகடை. ஆனால் மஸ்கட்டின் இயல்பான எட்டுத்தொலைவு 40 அடி, வில்லுக்கோ 150 அடி. பாத்ஃபைண்டர் விளையாட்டு 2011இல் வேறு வழி எடுத்தது: பழைய வகைத் துவக்கு கிட்டத்தில் கவசத்தை ஊடுருவும், பகடை மிகக் குறைவாக விழுந்தால் பழுதாகும், பழுதானது மறுபடி தவறினால் வெடித்துச் சிதறும். இவை நியாயமான விதிகளே. எனினும் இக்கரையின் வரலாற்றில் வில்லைக் காத்தது குண்டின் சேதமோ எட்டுத்தொலைவோ மட்டுமல்ல. மருந்து யார் கையில் இருந்தது என்பதே பெரிய காரணம். விளையாட்டில் மருந்து பெரும்பாலும் கடையில் விலைக்குக் கிடைத்துவிடுகிறது.

கண்டி நாட்டில் வெடியுப்புக்குக் குறைவில்லை. குகைச் சுவரைச் சுரண்டி, அந்த மண்ணைச் சாம்பலோடு கலந்து நீரில் கரைத்து வடித்துக் காய்ச்சும் முறையை ஜோன் டேவி 1821இல் வெளியான தன் நூலில் விவரித்திருக்கிறார். கரி எங்கும் உண்டு. கந்தகம் மட்டும் கடல் கடந்து வரவேண்டும். ஆகவே மட்டக்களப்பும் கொட்டியாரமும் கண்டிக்கு உப்புக்கும் துணிக்குமான வாசல்களாக மட்டும் இருக்கவில்லை. 1766 உடன்படிக்கையால் கரை முழுவதும் ஒல்லாந்தர் கைக்குப் போனபோது கண்டியின் துவக்குகளுக்கான மருந்துவழியும் அவர்கள் பிடிக்குள் வந்தது.

வில்லுக்கும் வெளியார் கை தேவைப்பட்டது, ஆனால் சிறிதளவே. 1660இல் கொட்டியாரத்தில் பிடிபட்ட ரொபர்ட் நொக்ஸ் 1681இல் வெளியிட்ட நூலில், காட்டில் வேட்டையாடி வாழ்ந்த பழங்குடியினரான வேடர்களின் கொடுக்கல் வாங்கலைச் சொல்கிறார். வேடன் இரவில் கொல்லன் பட்டறைக்கு வந்து, சுமக்கும் அளவு இறைச்சியையும், வேண்டிய அம்புமுனையின் வடிவில் வெட்டிய இலையையும் தொங்கவிட்டுப் போவான். கொல்லன் அதன்படி செய்து வைத்தால் இன்னும் இறைச்சி வரும். செய்யாவிட்டால் இருட்டில் ஒருநாள் அம்பு வரும். முகம் பாராமல் நடந்த இந்த வியாபாரத்தைத் துறைமுகத்தைப் பிடித்து யாரும் நிறுத்த முடியாது.

1817இல் ஊவாவில் எழுந்த கிளர்ச்சியின் தொடக்கத்தில், பிரித்தானிய அதிகாரி சில்வெஸ்டர் வில்சன் வேடர்களின் அம்பு பட்டு இறந்தார். துவக்கு இத்தீவுக்கு வந்து அப்போது முந்நூறு ஆண்டு கடந்திருந்தது.

வில்லைப் பின்தள்ளியவை 19ஆம் நூற்றாண்டில் துவக்கின் மலிவும், திரிக்கும் கிண்ணி மருந்துக்கும் பதிலாக வெடிதொப்பியை அடித்துச் சுடும் கேப்புப் பூட்டும். மழையிலும் வெடிக்கும் துவக்கு குடியானவன் கைக்கு எட்டியது. செலிக்மன் தம்பதியர் 1911இல் வெளியிட்ட வேடர் பற்றிய நூலில், மட்டக்களப்புக்கு வடக்கே கரையோரம் வாழ்ந்த வேடர் தமிழ் பேசி, மீன்பிடித்துப் பிழைப்பவர்களாகக் காட்டப்படுகின்றனர். காட்டு வேட்டையும் அதற்கான வில்லும் அவர்கள் வாழ்வின் நடுவிலிருந்து விலகிவிட்டன. துவக்குக்கு அனுமதிப்பத்திரம் கேட்கும் 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சட்டமும், 1937இன் வனவிலங்கு, தாவரப் பாதுகாப்புச் சட்டமும் பின்னர் வந்தன.

சேனைக் காவலுக்கும் வேட்டைக்கும் கிராமத்தில் புழங்கிய இடியன் துவக்கு பழைய வரிசையிலேயே நின்றது: மருந்து, தும்பு அடைப்பு, சன்னம், மறுபடி அடைப்பு, பிறகு கம்பியால் இடி. ஒரு வெடி, அதன்பின் நீண்ட காத்திருப்பு. ஆளே இல்லாமல் சுடும் கட்டுத்துவக்கு அதன் கொடிய உறவு. தடத்தின் குறுக்கே கட்டிய கம்பியைத் தட்டுவது பன்றியா, யானையா, விறகுக்குப் போனவரா என்று அது பார்ப்பதில்லை. சட்டம் தடுத்தும் அது ஒழியவில்லை. கட்டுத்துவக்கில் கால் சிதைந்த யானைகளுக்கு வனவிலங்குத் திணைக்கள வைத்தியர்கள் இன்றும் மருந்து கட்டிவருகிறார்கள்.