மோகாவோ குகைகளும் எண்மப் படிமங்களும்

பழம்பொருளைக் காண வருவோர் தொகை பெருகுதல் அப்பொருளுக்கு ஆக்கமே என்பது பலர் கொண்ட கருத்து. சீன நாட்டுக் கன்சு மாநிலத்தில், துன்குவாங் நகரையடுத்துள்ள மோகாவோ குகைகளின் அண்மைக்கால வரலாறு அக்கருத்தினை மீண்டும் ஆராயத் தூண்டுகின்றது.

முதற்குகை கி.பி. 366-இல் குடையப்பெற்றது என்பது மரபு. அதன்பின் ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் அப்பணி தொடர்ந்தது. ஓவியமும் சிற்பமும் உடையனவாக இன்றுள்ள குகைகள் 492. சுவரோவியங்களின் பரப்பு ஏறக்குறைய 45,000 சதுர மீட்டர். இவை பாறைமேல் நேரே தீட்டப்பட்டன அல்ல. மண்ணும் வைக்கோலும் குழைத்துப் பூசிய சாந்தின்மேல் தீட்டப்பட்டனவாம். பாறையிலும் சாந்திலும் உப்பு உண்டு. காண்போர் மூச்சாலும், கதவு திறக்குந்தோறும் புகும் காற்றாலும் உள்ளே ஈரம் மிகுங்கால் அவ்வுப்புக் கரைகின்றது. ஈரம் வற்றுங்கால் மீண்டும் படிகமாகின்றது. இங்ஙனம் மாறி மாறி நிகழ்தலால் சாந்து நெகிழ்ந்து உதிர்கின்றது. 1979-இல் குகைகள் பொதுமக்களுக்குத் திறக்கப்பெற்ற பின்னர், ஓவியத்தின்பால் விருப்பங்கொண்டு வந்தோரே, தம்மையறியாமல், அதற்கு ஊறு செய்வோராயினர்.

துன்குவாங் ஆய்வகத்தின் தலைவராயிருந்த ஃபான் ஜின்ஷி அம்மையார் இதற்கு ஒரு வழி கண்டார். ஒவ்வொரு குகையையும் சிறுசிறு பகுதிகளாகப் படம்பிடித்துக் கணிப்பொறியில் இணைத்து எண்மப் படிமமாக்கும் பணியை அவர் முன்னின்று வளர்த்தார். 2014-இல் குகைகளுக்குப் பல கிலோமீட்டர் தொலைவில் பார்வையாளர் நடுவம் செயற்படத் தொடங்கியது. வருவோர் முதலில் ஆங்கே இரு படங்களைக் காண்கின்றனர். அவற்றுள் ஒன்று கவிகை வடிவத் திரையில் காட்டப்பெறுவது. அதன்பின்னரே பேருந்தேறிச் சென்று ஒருசில குகைகளை மட்டும் குறைந்த நேரத்தில் காண்கின்றனர். 2016-இல் முப்பது குகைகளின் படிமங்கள் இணையத்திலும் வெளியிடப்பெற்றன. (17-ஆம் குகையினின்று இலண்டனுக்கும் பாரிசுக்கும் சென்ற சுவடிகளின் செய்தி வேறு, அதனை ஈண்டு விரிக்கிலேம்.)

படிமம் மூலத்தின் இடத்தைக் கவர்ந்துகொள்ளும் என்று அஞ்சுவாரும் உளர். அவ்வச்சம் முற்றும் பொய்யன்று. எனினும், மோகாவோவில் படிமம் மூலத்திற்கு மாற்றாக அன்றி, அதற்கு வாயிலாகவே நிற்கின்றது என்பது எம் கருத்து. குகைக்குள் விளக்குகள் இல்லை. வழிகாட்டுவோர் கைவிளக்கின் ஒளி படும் இடமே கண்ணுக்குப் புலனாகும். விதானத்தின் நுண்கோடுகளைத் திரையில் முன்னரே கண்டு வந்தவர்க்கு அச்சிறு ஒளி போதியதாகின்றது. குகையின் தண்மையையும் இருளையும், சுவர்முன் நிற்கையில் தோன்றும் அளவுணர்ச்சியையும் திரை தருவதில்லை. அவற்றிற்காகவே இன்றும் மக்கள் பாலைவழி கடந்து செல்கின்றனர்.