சுவரில் விழும் சிவப்புப் புள்ளி: ஒரு காப்புரிமையின் பயணம்

வீட்டு உள் அலங்கார வேலைக்கு அளவெடுக்க வருபவர் இப்போது டேப்பைப் பிரிப்பதில்லை. கைபேசி அளவுள்ள ஒரு கருவியைச் சுவரோடு ஒட்டி வைத்துப் பொத்தானை அழுத்துகிறார். எதிர்ச் சுவரில் சிவப்புப் புள்ளி விழுகிறது; திரையில் எண் வந்துவிடுகிறது. மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டாம், உயரமான கூரைக்கு ஏணி வேண்டாம். கையடக்க லேசர் தூரமானிகளில் முதலாவதாகச் சந்தைக்கு வந்தது 1993-ல், லைக்கா நிறுவனத்தின் ‘டிஸ்டோ’. சுவிட்சர்லாந்தில் ரைன் நதிப் பள்ளத்தாக்கில் இருக்கும் ஹீர்புரூக் என்ற ஊர்தான் அதன் பிறப்பிடம்.

அந்தக் கருவி கடைகளுக்குப் போன பாதை ஒன்று. அதற்குள் இருந்த யோசனை காப்புரிமை அலுவலகங்களின் வழியாகப் போன பாதை இன்னொன்று. இரண்டாவது பாதைதான் நீளமானது, கேள்விகள் நிறைந்தது. அந்தப் பாதையைப் பற்றி எழுதக் காரணம் உண்டு. ஒரு கருவியில் உண்மையிலேயே புதியது எது என்ற கேள்விக்கு விளம்பரம் பதில் சொல்வதில்லை. காப்புரிமை ஆவணம் சொல்கிறது.

ஒளியைக் கொண்டு தூரம் அளப்பது 1993-ல் புதிய சங்கதி இல்லை. சுவீடனைச் சேர்ந்த எரிக் பெர்க்ஸ்ட்ராண்ட் 1940-களிலேயே ஒளியைத் துடிக்க விட்டு, அது போய்த் திரும்புவதை வைத்து அளந்தார். ‘ஜியோடிமீட்டர்’ என்ற பெயரில் அது நில அளவைக் கருவியாகச் சந்தைக்கும் வந்தது. அதே ஹீர்புரூக்கில் இருந்த, பின்னர் லைக்காவாக மாறிய வில்ட் நிறுவனம் 1968-ல் அகச்சிவப்புக் கதிரைப் பயன்படுத்தும் ‘டிஸ்டோமேட்’ கருவியை வெளியிட்டது. ஆனால் இவற்றுக்கெல்லாம் மறுமுனையில் ஒளியைத் திருப்பி அனுப்பும் பட்டகம் ஒன்றை நட்டு வைக்க வேண்டும். பட்டகம் இல்லாமல் வெறும் பாறையையும் சுவரையும் அளக்க வில்ட் தயாரித்த ‘டியோர் 3002’ 1980-களில் வந்தது. அது அகச்சிவப்புத் துடிப்புகளால் அளந்தது. கண்ணுக்குத் தெரியாத கதிர். கட்டட வேலைக்காரருக்குத் தேவைப்பட்டது வேறு: எந்தப் புள்ளியை அளக்கிறோம் என்று கண்ணால் பார்க்க வேண்டும், ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் பிசகக் கூடாது, கைக்குள் அடங்க வேண்டும்.

ஒரு மில்லிமீட்டர் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். ஒளி வினாடிக்கு 29,97,92,458 மீட்டர் போகிறது. ஒரு மில்லிமீட்டர் போய்த் திரும்ப அதற்கு ஏறத்தாழ 6.7 பைக்கோ வினாடி போதும். ஒரு வினாடியை லட்சம் கோடிக் கூறுகளாகப் பிரித்தால் அதில் ஒரு கூறுதான் ஒரு பைக்கோ வினாடி. கைக்கருவிக்குள் இருக்கும் கடிகாரத்தால் அதை நேரடியாக எண்ண முடியாது. அதனால் லேசர் ஒளியின் செறிவை வினாடிக்குப் பல கோடி முறை ஏற்றி இறக்கி அனுப்புகிறார்கள். திரும்பி வரும் ஒளியின் ஏற்ற இறக்கம், அனுப்பியதைவிட எவ்வளவு பின்தங்கியிருக்கிறது என்று பார்க்கிறார்கள். வினாடிக்கு 5 கோடி ஏற்ற இறக்கம் என்றால் 3 மீட்டருக்கு ஒரு முறை அந்தக் கட்ட வேறுபாடு முழுச் சுற்று வரும். அதில் மூவாயிரத்தில் ஒரு பங்கைப் பிரித்தறிந்தால் ஒரு மில்லிமீட்டர் கிடைக்கும். எத்தனை முழுச் சுற்று முடிந்தது என்பதை வேறு அதிர்வெண்களில் அளந்து தெரிந்துகொள்ளலாம்.

இதுவும் தெரிந்த வித்தைதான். சிக்கல் வேறோர் இடத்தில் இருந்தது. லேசரை அனுப்பும் லென்ஸும் திரும்பும் ஒளியை வாங்கும் லென்ஸும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. தொலைவில் உள்ள சுவரில் விழுந்த புள்ளியின் பிம்பம், வாங்கும் லென்ஸின் குவியத் தளத்தில், நட்ட நடுவில் விழும். சுவர் நெருங்க நெருங்கப் பிம்பம் பக்கவாட்டில் விலகும்; கூடவே பின்னுக்கும் தள்ளிப் போய் மங்கும். விரலைத் தூரத்தில் நீட்டி இரு கண்களையும் மாற்றி மாற்றி மூடிப் பாருங்கள், விரல் கொஞ்சம்தான் நகரும். மூக்கருகே கொண்டு வந்தால் வெகுவாகத் தாவும். அதே கதைதான் இங்கும். ஒளியை உணரிக்குக் கொண்டு போகும் ஒளியிழையின் வாய் மிகச் சிறியது. பிம்பம் விலகினால் அந்த வாய்க்குள் ஒளி விழாது. கிட்டத்தில் உள்ள சுவரை அளக்க முடியாது.

இதற்கான தீர்வைச் சொல்லும் லைக்காவின் விண்ணப்பம் 1993 மே 15 அன்று ஜெர்மனியில் பதிவானது. கருவி கடைக்கு வந்த அதே ஆண்டு. ஐரோப்பிய முறையில் இந்த வரிசை முக்கியம்: கண்டுபிடிப்பைப் பொதுவில் காட்டிவிட்டு அப்புறம் விண்ணப்பித்தால், காட்டிய நாளிலேயே அதன் புதுமை போய்விடும். முதல் விண்ணப்பத்துக்குப் பிறகு மற்ற நாடுகளுக்குப் போக 12 மாத அவகாசம் உண்டு. அந்த அவகாசத்துக்குள், 1994-ல், காப்புரிமை ஒத்துழைப்பு உடன்படிக்கையின் வழியாக இது பன்னாட்டு விண்ணப்பமானது. முதல் தேதியிலிருந்து 18 மாதம் கழிந்ததும் முழு விவரமும் அச்சாகி உலகுக்குத் தெரிந்துவிடும். உரிமை கிடைக்குமா என்பது தெரியும் முன்பே ரகசியத்தைக் கொடுத்துவிட வேண்டும், அதுதான் ஒப்பந்தம்.

அடுத்து ஆய்வாளரின் மேசை. அவர் கேட்பது மூன்று கேள்விகள். இது ஏற்கெனவே எங்காவது வெளியாகியிருக்கிறதா? வெளியாகவில்லை என்றால், துறை தெரிந்த ஒருவர் சும்மா யோசித்தாலே எட்டிவிடக் கூடியதா? எழுதியிருப்பதைப் படித்து ஒருவர் செய்து பார்க்க முடியுமா? முதல் கேள்விக்கு உலகில் அச்சான எல்லாமே சாட்சி: பழைய காப்புரிமை, ஆய்வுக் கட்டுரை, கண்காட்சியில் கொடுத்த துண்டறிக்கை. விண்ணப்பித்தவரின் சொந்தப் பழைய கருவியும் அவருக்கு எதிரான சாட்சிதான். டியோர் 3002 இங்கே அப்படித்தான் நிற்கிறது: அதே வீட்டில் பிறந்தது, ஆனாலும் ‘ஏற்கெனவே தெரிந்தது’ என்ற பக்கத்தில்.

உரிமைக்கோரல் எழுதும் ஐரோப்பிய முறை இந்தக் கண்டிப்பைக் கண்ணுக்குத் தெரியும்படி காட்டுகிறது. ஒரே நீண்ட வாக்கியம். நடுவில் ஓர் எல்லைக்கோடு. கோட்டுக்கு முன்னால் தெரிந்தவை எல்லாம் வரிசையாக வரும்: கண்ணுக்குத் தெரியும் ஒளி தரும் குறைகடத்தி லேசர், ஒளியை ஏற்றி இறக்கும் ஏற்பாடு, வாங்கும் லென்ஸ், கருவிக்குள்ளேயே ஒளியைச் சுற்றிவிட்டுப் பிழை திருத்தும் பாதை, கணக்கிடும் மின்னணுப் பகுதி. கோட்டுக்குப் பின்னால் புதியது மட்டும்: ஒளியிழையின் வாய் தொலைவுப் புள்ளிகளின் பிம்பம் விழும் தளத்தில் இருக்கிறது, அங்கிருந்து பிம்பம் விலகும் வழியில், ஒளி அச்சுக்குக் குறுக்காக மட்டும் அது நகர்கிறது.

‘குறுக்காக மட்டும்’ என்ற இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். துறை தெரிந்த பொறியாளர் என்ன செய்வார்? பிம்பம் எங்கே கூர்மையாக விழுகிறதோ அங்கேயே இழையைக் கொண்டு போகப் பார்ப்பார்: பக்கவாட்டிலும் பின்னாலும். கூர்மை வேண்டும் என்பதுதான் ஒளியியல் படித்தவரின் பழக்கம். ஹீர்புரூக்காரர்கள் அந்தக் கூர்மையை வேண்டுமென்றே விட்டுக் கொடுத்தார்கள். கிட்டத்தில் உள்ள சுவர் திருப்பி அனுப்பும் ஒளி ஏராளம். மங்கிய பிம்பத்தின் ஒரு துண்டு இழைக்குள் விழுந்தாலே அளவுக்குப் போதும். அதனால் பின்னால் நகர்த்த வேண்டிய இயந்திர அமைப்பு தேவையில்லை. இழையை அசைக்காமல், பக்கத்தில் சிறு ஒளி திருப்பியை வைத்து அதே காரியத்தைச் செய்யும் மாற்று வழியையும் ஆவணம் சொல்கிறது. சரியான ஒன்றைச் செய்யாமல் விட்டதில்தான் இந்தக் கண்டுபிடிப்பின் அழகு இருக்கிறது.

அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது 1998 செப்டம்பர் 29 அன்று. முதல் விண்ணப்பத்திலிருந்து ஐந்து ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. இதைத் தாமதம் என்று குறை சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லைக்கோடு தெளிவாக விழுந்ததால் மற்றவர்களுக்கும் வழி தெரிந்தது. பாஷ் நிறுவனம் பின்னாளில் தன் விண்ணப்பத்தில் வேறு பாதை எடுத்தது: எதையும் நகர்த்தாமல், பிம்பம் விலகும் திசையிலேயே ஒளியுணரியின் பரப்பை நீட்டிக் குறுகலாக்கியது. ஓரிடத்தில் வேலி தெளிவாக இருந்தால் பக்கத்தில் புதிய தடம் பிறக்கும். மங்கலாக இருந்தால் வழக்குதான் பிறக்கும். அதனால்தான் ஆய்வாளரின் பிடிவாதம் சமூகத்துக்குச் செய்யும் சேவை என்று நம்புகிறேன்.

நம் நாட்டுச் சட்டமும் இதே கேள்விகளைத்தான் கேட்கிறது. 1970-ஆம் ஆண்டின் காப்புரிமைச் சட்டப்படி புதுமை வேண்டும், துறை தெரிந்தவருக்கு எளிதில் எட்டாததாக இருக்க வேண்டும், விண்ணப்பித்தவர் தமக்குத் தெரிந்த சிறந்த செய்முறையை மறைக்காமல் எழுத வேண்டும். உரிமை 20 ஆண்டு. சென்னை கிண்டியில் இருக்கும் காப்புரிமை அலுவலகத்திலும் விண்ணப்பங்கள் இந்தத் தராசில்தான் நிறுக்கப்படுகின்றன. நம் பொறியியல் மாணவர்கள் பலர் காப்புரிமையை ஒரு சான்றிதழாக, தற்குறிப்பில் ஒரு வரியாக மட்டும் பார்க்கிறார்கள். அது ஒரு பாடம் என்று அவர்களுக்குச் சொல்ல வேண்டியது ஆசிரியர்களின் கடமை.

ஹீர்புரூக் விண்ணப்பத்தின் உரிமைக் காலம் முடிந்துவிட்டது. 2015-க்குப் பிறகு அதில் உள்ள யோசனையை யார் வேண்டுமானாலும் எடுத்துச் செய்யலாம், யாருக்கும் காசு தர வேண்டியதில்லை. படங்களும் விளக்கங்களும் உரிமைக்கோரல்களும் இணையத்தில் இலவசம். லேசரிலோ அளவைக் கருவிகளிலோ ஆர்வம் உள்ள ஒவ்வொரு மாணவரும் ஒரு மாலை நேரத்தை ஒதுக்கி அந்த ஆவணத்தை வரி வரியாகப் படிக்க வேண்டும். அதன் அமெரிக்க எண் 5815251.